கொள்ளிடத்துக் களிமண்ணும் குறைகிற கூட்டலும்

மயிலாடுதுறை,
ஆடி 20

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, சம்பாவுக்கு நாற்றங்கால் வேலை நடக்கிறது.

கொள்ளிடக் களிமண்ணில் ஆக்சைடுகளின் சதவீதத்தைக் கூட்டினால் 100 வராமல் 90 தான் வருகிறது, எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்-கதிர் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும் கருவி) கெட்டுப்போச்சா என்று கேட்டிருக்கிறாய். கருவியைத் திட்டாதே. களிமண்ணுக்குள் இருக்கும் நீரையும், மக்கிலும் சுண்ணாம்பிலும் உள்ள கார்பனையும் அது கணக்கில் எடுக்காது. தூளை 105 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய ஜாடி) ஆறவிட்டு, உடனே எடை போடு. இந்த மண் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். தராசில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் ஏறும். பிறகு 1000 டிகிரியில் ஒரு மணி நேரம் எரித்து இழப்பைக் குறி. எரித்த தூளை உருக்கிக் கண்ணாடி வில்லை வார்த்து அளந்தால், வரும் எண்களை (100 − இழப்பு)/100 ஆல் பெருக்கி, இழப்பையும் சேர்த்துக் கூட்டு. 99க்கும் 101க்கும் நடுவே நின்றால் சரி. சார்னோக்கைட் பாறைத் தூளில் இரும்பு ஆக்சிஜனை ஏற்று எடை கூடலாம். இழப்பு மைனஸில் வந்தால் பதறாதே.

வில்லைக்கு 0.7 கிராம் தூள், அதை உருக்கிக் கரைக்க 7 கிராம் லித்தியம் போரேட், பிளாட்டினம்-தங்கக் குரூசிபிள் (உருக்கும் கிண்ணம்), 1050 டிகிரி போதும். பிச்சாவரம் பக்கத்துச் சதுப்பு மண்ணில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருக்கலாம். எரிக்காமல் போட்டால் குரூசிபிள் பாழ். ஒட்டாமலிருக்க லித்தியம் புரோமைடு துளி போதும். அதிகமானால் புரோமினின் எக்ஸ்-கதிர்க் கோடு அலுமினியத்தின் 1.49 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோட்டின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும், அலுமினா பொய்யாகக் கூடும்.

தரங்கம்பாடிக் கருமணல்தான் உண்மையான தலைவலி. பாட்டிலை ஆட்டினாலே கார்னெட், இல்மனைட் என்ற கனமான கனிமங்கள் பிரிந்து கீழே போகும். மேலே ஒரு கரண்டி எடுத்தால் அது வேறு மணல். தாளில் கூம்பாகக் குவித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் பங்கை மட்டும் எடு. அகேட் கல் மில்லில் 75 மைக்ரானுக்குக் கீழே அரை. டங்ஸ்டன் கார்பைடு வேகமானது; ஆனால் டங்ஸ்டனையும் கோபால்ட்டையும் சேர்த்துத் தரும். அந்த மணலிலுள்ள சிர்க்கான் கனிமம் லேசில் கரையாது: வில்லையில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் தூளை இன்னும் நுணுக்கி, புதிதாக உருக்கு. வனேடியம் நிறைய என்று குதிக்காதே, அது பெரும்பாலும் வனேடியம் கோட்டின் மேல் விழும் டைட்டானியத்தின் கே-பீட்டா கோடு.

வில்லையில் தூள் நீர்த்துப்போவதால் ருபீடியம், காரீயம் போன்று மிகக் குறைவாக இருப்பவை எல்லாம், உருக்காமல் 20 டன்னில் அழுத்திய தூள் பெல்லட்டில்தான் நன்றாகத் தெரியும். அதனால் அடுத்த முறை ஒவ்வொரு மாதிரியிலும் 50 கிராம், எரிக்காத தூளாகவே அனுப்பு. இழப்பு எண்ணைப் பையின் மேல் எழுதிவிடு.

அன்புடன்,
ராஜு