குடுவைச் செடிக்கு இறைச்சி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலை நுனியில் தொங்கும் குடுவையில் பூச்சியைப் பிடித்துச் செரிக்கும் நெபந்தஸ் குடுவைச் செடி பற்றி உங்கள் தோட்டப் பக்கத்தில் வந்த குறிப்பில், வாரம் ஒருமுறை குடுவைக்குள் சிறு இறைச்சித் துண்டு போடலாம் என்று இருந்தது. தயவுசெய்து யாரும் போட வேண்டாம். செரிக்காத இறைச்சி அழுகி, குடுவையையும் சேர்த்து அழுக வைத்துவிடும். பூச்சியே சிக்காவிட்டாலும் இந்தச் செடி மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வீடுகளில் அது சாவதெல்லாம் பெரும்பாலும் தண்ணீராலும் மண்ணாலும்தான்.

சத்தில்லாத நிலத்துக்குப் பழகிய வேர் இது. தோட்டமண், மண்புழு உரம், தொழுவுரம் எதுவும் ஆகாது. உப்பு ஏறினால் வேர் கருகும். ஸ்பேக்னம் என்ற சதுப்புநிலப் பாசியும், பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் கல்துகளும் சம அளவில் கலந்தால் போதும். கோகோபீட் (தென்னைநார்த் தூள்) சேர்ப்பவர்கள் அதை மழைநீரில் பலமுறை ஊறவைத்துப் பிழிந்து உப்பைப் போக்கிய பிறகே சேர்க்க வேண்டும். பாசி இரண்டு ஆண்டுக்குள் மக்கிக் குழைந்துவிடும், அதற்குள் மாற்றிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் சமரசமே கிடையாது. மழைநீர், வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்), ஆர்.ஓ. நீர் இவைதான். டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் அளவு, 50 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருப்பது நல்லது. குழாய்நீரைக் காய்ச்சி ஆற்றினால் கிருமிதான் சாகும், கரைந்த உப்பில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். சில ஆர்.ஓ. கருவிகள் சுத்திகரித்த நீரில் தாதுக்களைத் திரும்பக் கலக்கின்றன. டி.டி.எஸ். மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். கலவையின் மேல் வெள்ளைப் படிவு கண்டால் மழைநீரை நிறைய ஊற்றிக் கழுவி வடியவிடலாம்; பழைய படிவு என்றால் கலவையையே மாற்ற வேண்டும். நெபந்தஸை நீர் தேங்கிய தட்டில் வைக்கக் கூடாது. சாரசீனியா என்ற வேறொரு குடுவைச் செடி வகை நேர்மாறு, அதற்குத் தட்டில் 2 செ.மீ. நீர் எப்போதும் நிற்கலாம்.

வாங்கி வந்ததும் குடுவைகள் காய்ந்தால் பதற வேண்டாம், இடமாற்றம் அப்படித்தான். புது இலைகளைக் கவனியுங்கள். இலை கரும்பச்சையாக நீண்டு, நுனியில் குடுவையே வராவிட்டால் வெளிச்சம் போதவில்லை. மொட்டுப்போல் வந்த குடுவை வளராமல் கருகினால் காற்று வறண்டிருக்கிறது; ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் வேண்டும். அதற்காக மூடிய கண்ணாடிப் பெட்டியில் போட்டு வெயிலில் வைத்தால் செடி வெந்துவிடும். வடிகட்டிய வெயில் படும் இடம் சரி. குடுவையில் இருக்கும் திரவத்தைக் கொட்டாதீர்கள். தவறிக் கொட்டிவிட்டால் குடுவையில் கால் பங்கு வரை தூய நீர் விடலாம். உணவு கொடுத்தே தீருவேன் என்பவர்கள் மாதத்துக்கு ஓரிரு எறும்பு போடட்டும்.

அடுத்த முறை எழுதும்போது இனப்பெயரையும் போடுங்கள். மலை இனங்களுக்கு இரவுக் குளிர் தேவை. இரவிலும் 25 டிகிரிக்குக் குறையாத ஊரில் அவற்றை வாங்கினால், மற்றதெல்லாம் சரியாகச் செய்தாலும் செடி மெல்ல நலிந்துபோகும். புதிதாக வளர்ப்பவர்களுக்கு வென்ட்ராட்டா என்ற கலப்பினம் ஏற்றது.

இப்படிக்கு,
பூச்சியுண்ணும் செடிகள் வளர்க்கும் வாசகர்கள்