கறுப்பியின் பேத்தி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பணம் வந்துவிட்டது. போனில் காட்டினாயே, 25 லிட்டர் கறக்கிற மாடு, அதை வாங்க எனக்கு மனசு வரவில்லை. பேசினால் நீ அவசரப்படுத்துவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ காலேஜில் படிக்கும்போது வாங்கினோமே ஹெச்.எஃப். என்கிற ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் சீமை மாடு, ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாளைக்கு 18 லிட்டர் கறந்தது. சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரைக்கும், தீனி எடுக்காது. இரண்டாம் ஈத்தில், அதாவது இரண்டாவது கன்று போட்டதும், மடிநோய். அப்புறம் ஐந்து தடவை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. பாதி விலைக்குத்தான் போனது. சமவெளிக்கு ஜெர்சி கலப்பு, மலைக்கு ஹெச்.எஃப். கலப்பு என்று கால்நடைத் துறை சொல்வதை நாம் அன்றைக்குக் காதில் வாங்கவில்லை.

நம் வீட்டு மாடு கறுப்பி உச்சத்தில்கூட 10 லிட்டரைத் தாண்டியதில்லை. ஆனால் எட்டு ஈத்து ஈன்றுவிட்டாள். ஒரு நாளைக்கு 7 லிட்டர், ஈத்துக்கு 300 நாள் என்று வைத்தாலே மொத்தம் 16,800 லிட்டர் வருகிறது. அதோடு நாலு கிடேரி, பெண் கன்று. இப்படிப்பட்டவளின் வயிற்றில் வந்ததைத்தான் தம்பி நாம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நேற்று கறந்து முடித்ததும் அவள் மடியைத் தொட்டுப் பார்த்தேன். காலிப் பை மாதிரி சுருங்கிவிட்டது. கறந்த பிறகும் கெட்டியாக இருந்தால் அது சதை மடி, பார்வைக்குத்தான் பெரிசு. இத்தனை ஈத்துக்கு அப்புறமும் மடி பின்னங்கால் முட்டிக்கு மேலேயே நிற்கிறது. தொங்கிப் போன மடியென்றால் சேறு படும், காம்பு மிதிபடும். நம் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டகைத் தரை எப்படி நசநசவென்று கிடக்கும் என்று உனக்கே தெரியும். அந்த ஈரத்தில் நிற்கக் குளம்பும் காலும் உறுதியாக இருக்க வேண்டும்.

வெளியில் வாங்கியே ஆக வேண்டுமென்றால், இரண்டாம் ஈத்து மாடாகப் பார்ப்போம். சாயந்தரம், மறுநாள் காலை, மறுபடி சாயந்தரம் என்று மூன்று வேளை நம் கண் முன்னால் கறக்கச் சொல்ல வேண்டும். தரகர் ஒரு வேளைப் பாலைத் தேக்கி வைத்தும் காட்டுவார். போன கன்றுக்கும் இந்தக் கன்றுக்கும் எத்தனை மாசம் என்றும் கேட்க வேண்டும். பதின்மூன்று, பதினாலு மாசத்துக்கு ஒரு கன்று போட்டால் நல்ல மாடு.

கறுப்பியின் பேத்தி, அந்த நெற்றிச்சுட்டிக் கிடேரி, இன்று விடியற்காலையிலிருந்து கத்துகிறது. கண்ணாடி மாதிரி கோழையும் ஒழுகுகிறது. காலையில் பருவம் தெரிந்தால் சாயந்தரம் ஊசி என்பதால் டாக்டரை அஞ்சு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இதன் தாய்க்குப் போட்ட ஊசிக் குச்சியின், அதாவது காளை விந்து அடைத்த குச்சியின், காளை எண் உன் பழைய கணக்கு நோட்டில் இருக்கிறது. அவர் வந்ததும் அதைக் காட்டி வேறு காளையாகப் போடச் சொல்வேன். அப்பன் ஊசியே மகளுக்கும் விழுந்துவிடக் கூடாது.

அன்புடன்,
அம்மா