பெயரை மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்

அன்புள்ள சரவணா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் தம்பி சொன்னான். சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விட்டுக்கொள்ளச் சொல்.

நம் கடன்நோட்டுச் செயலி விஷயமாகத்தான் எழுதுகிறேன். போன வாரம் ஒரு கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. நம் பெயர் அவர்கள் பதிந்து வைத்த வணிகக்குறியை (டிரேட்மார்க்) போலவே இருக்கிறதாம், 15 நாளில் எடுக்க வேண்டுமாம். இலவசமாகக் கொடுக்கிற செயலிக்குமா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் வணிகக்குறிப் பதிவேட்டில் நானே தேடினேன். மென்பொருள் வருகிற 9ஆம் வகுப்பில் 2016இலேயே பதிந்திருக்கிறார்கள். எழுத்தில் கொஞ்சம் வித்தியாசம், ஆனால் வாய்விட்டுச் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். அவர்களுக்கு முன்பே நாம் புழங்கியிருந்தால் வணிகக்குறிச் சட்டத்தின் 34ஆம் பிரிவைக் காட்டி நின்றிருக்கலாம், நாம் தொடங்கியதோ 2019.

இழுத்தடிக்க எனக்கு மனமில்லை. கெய்ம் என்ற அரட்டை மென்பொருள், பெயர்ச் சண்டையில் ஏஓஎல் கம்பெனியோடு பேசி முடியும்வரை முழு வெளியீடே கொடுக்க முடியாமல் கிடந்து, 2007இல்தான் பிட்ஜின் ஆனது. ஃபயர்பாக்ஸ் உலாவிக்காரர்கள் முதலில் பீனிக்ஸ் என்று வைத்தார்கள், வணிகக்குறிச் சிக்கலில் 2003இல் ஃபயர்பேர்ட் ஆக்கினார்கள், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு தரவுதளத் திட்டம் இருந்ததால் அங்கேயும் சண்டை, 2004 பிப்ரவரியில் மறுபடியும் மாற்றி ஃபயர்பாக்ஸ் ஆக்கினார்கள். அதனால் புதுப் பெயரை அறிவிக்கும் முன் பதிவேட்டில் நன்றாகத் துழாவிவிட வேண்டும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. ப்ளே ஸ்டோரில் வெளியே தெரியும் பெயரை மாற்றலாம், செயலிக்கு உள் அடையாளமாக இருக்கிற பேக்கேஜ் பெயரை மாற்ற முடியாது. மாற்றினால் அது வேறு செயலி ஆகிவிடும், பழையவர்களுக்கு அப்டேட் போகாது. உள்ளே பழைய பெயர் அப்படியே இருந்தால் பரவாயில்லையா என்று ஒரு வக்கீலிடம் கேட்க வேண்டும்.

நேற்று பூக்கடை அக்காவிடம் பெயர் மாறப்போகிறது என்றேன். “அந்த மஞ்சப் பை படம் இருக்கும்ல?” என்றார். போனில் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் திறந்திருக்கிறார், பெயரை ஒருநாளும் வாசித்ததே இல்லையாம். எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. மஞ்சள் பை இருக்கட்டும்.

ஆனாலும் அந்தப் பெயர் நீ வைத்தது. ஹாஸ்டல் மொட்டைமாடியில் விடிய விடிய உட்கார்ந்து வைத்தது. உன்னைக் கேட்காமல் எடுக்க மாட்டேன். சரி என்றால், ஞாயிற்றுக்கிழமைக்குள் நாலைந்து புதுப் பெயர் எழுதி அனுப்பு, இந்த முறையும் நீயே வை.

அன்புடன்,
முத்து