பெட்ரோலில் உலோகம்: ஃபில்டர் பேப்பர் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பங்கில் பெட்ரோல் சந்தேகமாக இருந்தால் ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், டென்சிட்டி கேளுங்கள் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். சரி, மண்ணெண்ணெய் கலப்படத்துக்கு அது ஓரளவு உதவும். மாங்கனீசோ இரும்போ உள்ள அடிட்டிவ் கலந்திருந்தால் இரண்டிலும் சிக்காது; லிட்டருக்குச் சில மில்லிகிராம் உலோகம், முக்கால் கிலோ எடையுள்ள ஒரு லிட்டர் பெட்ரோலின் டென்சிட்டியை என்ன செய்துவிடப் போகிறது?

ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நம் நாட்டில் ஒழிந்தது. ஆனால் ஆக்டேன் (எஞ்சினில் தட்டல் வராமல் பெட்ரோல் எரியும் திறன்) ஏற்ற வேறு உலோகங்களும் இருக்கின்றன: எம்.எம்.டி. என்ற மாங்கனீசு சேர்மம், ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மம். எம்.எம்.டி. கலந்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் மாங்கனீசுக்கு மேல் போகக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. இங்கே உதிரிபாகக் கடையில் நான் வாங்கிய ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலில் மைலேஜ் கூடும், பிக்கப் ஏறும் என்றெல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தது, உள்ளே என்ன உலோகம், எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. கொஞ்ச நாளில் மெக்கானிக் பிளக்கைக் கழற்றிக் காட்டினார், நுனியெல்லாம் செம்மண் பூசியதுபோல ஒரு படிவு. மாங்கனீசு, இரும்பு இரண்டுமே இப்படித்தான் படியும் என்பதால் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

லேப் கருவிதான் சொல்லும். பெட்ரோலில் புரோமின் சேர்த்து, கரைப்பானில் நீர்க்கச் செய்து, அசிட்டிலீன் சுடரில் தெளித்து, 279.5 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்தால் மாங்கனீசின் அளவு தெரிந்துவிடும், இது பழைய முறைதான், புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. லேப்களில் கருவி இருக்கிறது, ஆனால் காசு கட்டுகிறேன் என்றாலும் நம்மைப்போன்ற ஆட்களிடம் மாதிரி வாங்க மாட்டேன் என்கிறார்கள் (நான் கேட்ட இடத்தில் அதுதான் பதில்).

பூஸ்டர் பாட்டிலில் உலோகத்தின் பெயரையும் அளவையும் அச்சிடச் சொல்லுங்கள், கட்டணம் வாங்கிக்கொண்டாவது பொதுமக்களின் மாதிரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். அப்புறம், மாதிரி எடுக்க வரும் அதிகாரிகள் வெள்ளைக் கண்ணாடி பாட்டிலோடு வரவேண்டாம். எம்.எம்.டி. வெயில் பட்டால் சீக்கிரமே சிதைந்துவிடும், லேபுக்குப் போய்ச் சேரும்போது அளவு குறைத்துத்தான் காட்டும். தகர டின்னிலோ பழுப்பு நிற பாட்டிலிலோ எடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை