கால்வாயும் ஆறும் கூடும் இடம்

திருவொற்றியூர்

அன்புள்ள சண்முகம்,

பக்கிங்காம் கால்வாய்ச் சீரமைப்பைப் பற்றிக் கேட்டு நீ எழுதிய கடிதம் கிடைத்தது. தூர்வாரும் இயந்திரங்கள் வந்து போகின்றன. ஆனால் கால்வாய் கொசஸ்தலையாற்றோடு கூடும் உப்பங்கழியான எண்ணூர்க் கழியைச் சரிசெய்யாமல் நகருக்குள் எவ்வளவு சேறு அள்ளினாலும் பயனில்லை என்பதே என் எண்ணம்.

பாசில் காக்ரேன் என்ற ஆங்கிலேய வணிகர் 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய், பிறகு பழவேற்காடு வரை நீண்டு, 1837-ல் அரசின் வசமானது. தாது வருஷப் பஞ்சத்தின்போது (1876–78) நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து ஏறத்தாழ 8 கி.மீ. தோண்டினார்கள், அன்றைய ஆளுநரின் பெயரும் அப்போதுதான் ஒட்டிக்கொண்டது. வயிற்றுப்பசிக்கு மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை என்பதை நீயும் நானும் பலமுறை பேசியிருக்கிறோம்.

கடல் மட்டத்தை ஒட்டி ஓடும் இக்கால்வாய்க்கு ஓதமே, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கமே, மூச்சு. ஆற்றில் ஓதம் ஏறி இறங்கும். மழைக்காலத்தில் வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து தள்ளும். ஆகவே ஆறுகளைக் கடக்கும் இடங்களில் 'லாக்' எனப்பட்ட கதவு மதகுகளை அமைத்து, உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் மிதக்கத் தேவையான ஆழத்தைக் காத்தார்கள். 1960-களில் அடித்த புயல்களுக்குப் பிறகு போக்குவரத்து நொடித்துப்போனதும், மதகுகளைப் பராமரிக்க வேண்டிய கட்டாயமும் போய்விட்டது.

இன்று கால்வாயில் எது கலந்தாலும் நேரே கழிக்கு வந்துவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், கால்வாய் வழியே ஆற்றில் இறங்கி, முகத்துவாரத்தையும் கடந்து கடலில் பரவியது. படகும் வலையும் கறுத்துப்போக, மீனவர்களே வாளியால் எண்ணெயை அள்ளியதைத் தொலைக்காட்சியில் நீயும் பார்த்திருப்பாய். அதற்கு முன்பே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கழி மேடாகிக்கொண்டிருந்தது. இறாலும் நண்டும் குறைந்ததைக் காட்டுக்குப்பத்துக்காரர்கள் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்.

என்னைக் கேட்டால், முதலில் முகத்துவாரத்து மணலையும் கழியில் படிந்த சாம்பலையும் அகற்ற வேண்டும். ஆலைக் கழிவு கால்வாயில் இறங்கும் வழிகளை அடைக்க வேண்டும். கரைச்சுவர் அதற்குப் பிறகு வரட்டும். சுவர் மட்டும் எழுப்பினால் திறப்பு விழாவுக்கு அழகாயிருக்கும், அவ்வளவுதான்.

இதையே விரிவாக எழுதி, குப்பத்துப் பெரியவர்களின் கையெழுத்துடன் மனுவாகக் கொடுக்க இருக்கிறோம். உன் தாத்தா உப்புப் படகு ஓட்டிய காலத்துப் புகைப்படங்கள் உன்னிடம் இருந்தால், நகலெடுத்துப் பொங்கலுக்குள் அனுப்பிவை.

அன்புடன்,
தேவராஜ்