எங்கள் அம்மாக்களைச் சிவனொளிபாத மலைக்கு ஏற்றிவிட்ட அனைவருக்கும்

வணக்கம்.

கடந்த பங்குனியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து அம்மாக்கள் சிலர் சிவனொளிபாத மலை ஏறிச் சாமி கும்பிட்டு, ஒரு குறையும் இல்லாமல் லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பினார்கள். எல்லோரும் பென்ஷன் எடுத்தவர்கள். மேகம் விலகினால் எங்கள் மேட்டு லயத்து வாசலிலிருந்தே அந்த மலை தெரியும். ஆயுள் முழுக்க அதைப் பார்த்தபடியே கொழுந்து பறித்தவர்கள் ஒருநாளும் அதில் ஏறியதில்லை. மார்கழிப் பௌர்ணமிக்குத் தொடங்கும் யாத்திரைக் காலம் வெசாக் பௌர்ணமியோடு முடிந்துவிடும். மேற்குச் சரிவுத் தேயிலைக்கு மணம் கூடும் மாதங்களும் அவற்றுக்குள்தான் வருகின்றன. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். பேரை விட்டுவிட்டு மலைக்குப் போக அந்தக் காலத்தில் யாரால் முடிந்தது?

முன்பணம் வாங்கிய வேன் அன்று காலை வரவில்லை. அதை இங்கே விரிக்கப் போவதில்லை, உரியவருக்குத் தெரியும். அதனால் முதல் நன்றி, அட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு ஓடிய இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸின் சாரதிக்கும் நடத்துனருக்கும். நிற்க இடமில்லாத பஸ்ஸில் எப்படியோ எங்கள் அம்மாக்கள் அத்தனை பேருக்கும் இருக்கை கிடைக்கச் செய்தார் நடத்துனர். வழியிலுள்ள மவுசாகலை அணை கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனதை இப்போதைய பிள்ளைகள் அறிய மாட்டார்கள். வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் அங்கிருந்த கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் இடிபாடுகளாக வெளியே தெரியும். அன்று தெரிந்தது. எங்கள் பெரியம்மா ஜன்னலோரம் எழுந்து நின்று, "அந்தக் கோவிலில்தான் எனக்குக் காது குத்தினார்கள்" என்று சத்தமாகச் சொன்னார். தமிழ் அவ்வளவாகத் தெரியாத சாரதிக்கு அது எப்படி விளங்கியதோ, வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். பெரியம்மா கும்பிட்டு முடிக்கும்வரை பஸ்ஸில் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

சீதகங்குல ஓடையில் கை கால் கழுவி, வெள்ளைத் துணியில் காசு முடிந்து ஏறத் தொடங்கினோம். நல்லதண்ணிப் பாதையில் படிகள் ஐயாயிரத்துக்கும் மேல். பாதி வழியில் தேநீர்க் கடை வைத்திருந்த சிங்கள அம்மா, எங்கள் கூட்டத்தைப் பார்த்ததுமே கொத்தமல்லித் தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிட்டார். ஒவ்வொருவரையும் "ஆச்சி" என்று கூப்பிட்டு உட்கார வைத்து, முழங்காலுக்குத் தன் கையாலேயே சித்தாலேப தேய்த்தார். தேநீருக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

கடைகளுக்குச் சாமான் சுமந்து ஏறும் தம்பிமாருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அந்த மலையில் விற்கும் ஒவ்வொரு பிஸ்கட் பாக்கெட்டும் யாரோ ஒருவருடைய தோளில்தான் மேலே போகிறது. எரிவாயு சிலிண்டரைத் தோளில் வைத்திருந்த ஒருவர் நின்று, படியை நேராக ஏறாமல் குறுக்கும் மறுக்குமாக ஏறினால் மூச்சு வாங்காது என்று நடந்தே காட்டினார். "கூடையோடு மலை ஏறின எங்களுக்கா சொல்லித் தருகிறாய்?" என்று அம்மாக்கள் கேலி செய்தார்கள். ஆனால் அதன் பிறகு எல்லோரும் அவர் சொன்னபடிதான் ஏறினார்கள்.

14ஆம் நூற்றாண்டில் இந்த மலைக்கு வந்த இப்னு பதூதா, சங்கிலிகளைப் பிடித்து ஏறும் வழியைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று செங்குத்தான கடைசிப் பகுதியில் இரும்புக் கைப்பிடிகள் இருக்கின்றன. அவற்றைப் பழுதுபார்த்து வைத்திருப்பவர்களுக்கும், இரவெல்லாம் பாதை விளக்குகள் எரியக் காரணமானவர்களுக்கும் நன்றி. நமக்குச் சிவன் பாதம், பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களிலும் கிறிஸ்தவர்களிலும் பலருக்கு ஆதாமின் பாதம். ஆனால் அன்று படிகளில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்டது ஒன்றுதான்: "இன்னும் எவ்வளவு தூரம்?"

உச்சியில் உள்ள மணியை, எத்தனையாவது முறை ஏறுகிறோமோ அத்தனை தரம் அடிப்பது வழக்கம். பெரியம்மா ஒரு தரம் அடித்துவிட்டுக் கயிற்றை விடாமல் இன்னும் இரண்டு தரம் அடித்தார். கடமையிலிருந்த பொலிஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். "ஒன்று எனக்கு. மற்றது வர முடியாமல் போய்ச் சேர்ந்துவிட்ட என் தங்கச்சிமார் இரண்டு பேருக்கும்" என்றார் பெரியம்மா. பக்கத்தில் நின்ற ஒருவர் அதைச் சிங்களத்தில் சொன்னதும் பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் பொறுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் நன்றி.

உண்மையான சோதனை இறக்கத்தில்தான் இருந்தது. ஏறும்போது கேலி பேசிய வாய்கள் அடங்கிப்போயின. அதே பொலிஸ்காரரும், எங்கிருந்தோ வந்த பல்கலைக்கழக மாணவர்களும் ஆளுக்கொரு அம்மாவைக் கைத்தாங்கலாக நல்லதண்ணிவரை கொண்டுவந்து விட்டார்கள். பெயர் கேட்டோம், சொல்லாமலே போய்விட்டார்கள்.

கடைசியாக, கம்பளிச் சட்டையும் குல்லாயும் இரவல் தந்த ஆசிரியர்களுக்கும் நகரத்துக் கடைக்கார நானாவுக்கும் எங்கள் நன்றி. எல்லாம் துவைத்துக் காய வைத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாரியம்மன் கோவில் மண்டபத்தில் பெற்றுக்கொள்ளலாம். சிவப்புக் குல்லாய் ஒன்று யாருடையது என்று தெரியவில்லை. உரியவர் சீக்கிரம் வந்தால் நல்லது. பெரியம்மா அதைக் கழற்றுவதாக இல்லை.

இப்படிக்கு,
அம்மாக்களோடு மலை ஏறிய பிள்ளைகள்