கோரிக்கை மனு: பாதுகாப்பு ஆணை உள்ள வீட்டில் துப்பாக்கி வேண்டாம்

அனுப்புநர்:
மலையடிவாரக் கிராமத்தைச் சேர்ந்த தையல் தொழிலாளி
(பெயரும் முகவரியும் தனித்தாளில்)

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: குடும்ப வன்முறை வழக்கில் யாருக்கு எதிராகப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கப்பட்டதோ அவரின் துப்பாக்கி உரிமத்தை உடனே நிறுத்தி வைத்து, துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வைக்கும்படி எல்லா மாவட்டங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் தங்கையின் கணவர் பெயரில், பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. காட்டுப்பன்றி இறங்கி மரவள்ளியைத் தோண்டிப் போடும் ஊர் எங்களுடையது. அதனால் துப்பாக்கி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அவர் அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போன நாளைவிட, முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்து துடைத்த நாள்தான் அதிகம். குடித்துவிட்டுச் சண்டை போட்ட அன்றைக்கு ஆணியிலிருந்து அதை இறக்குவார். பழைய வேட்டித் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு, குழலை மேலும் கீழுமாகத் துடைப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒரு தடவைகூட அதை என் தங்கைக்கு நேராக நீட்டியதும் கிடையாது. நீட்ட வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை.

தங்கை மகளுக்கு அப்போது எட்டு வயது. என் வீட்டுக்குப் போன் போட்டு, "பெரியம்மா, அப்பா துப்பாக்கியத் தொடைக்கிறாரு, நாங்க அங்க வந்துரட்டுமா" என்று கேட்பாள். இன்றைக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அந்தப் பிள்ளை எண்ணெய்த் துணியை வைத்துத்தான் தெரிந்துகொண்டது.

2023இல், குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலம் நீதிமன்றம் போனோம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தங்கைக்குப் பாதுகாப்பு ஆணை கிடைத்தது. அந்த வீட்டிலேயே தனி அறையில் இருந்துகொள்ளவும் உத்தரவானது. ஆணையைக் கையில் வாங்கிய அன்று இருவரும் கோர்ட் வாசலில் நின்று அழுதோம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், துப்பாக்கி அதே ஆணியில் தொங்குகிறது.

காவல் நிலையத்தில் கேட்டோம். "லைசென்ஸ் இருக்கேம்மா, நாங்க எப்படி வாங்குறது? கலெக்டர் ஆபீஸ்ல கேளுங்க" என்றார்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தோம். ஆட்சியர் அலுவலகப் பிரிவில் இருந்தவர், வழக்கில் தண்டனை ஆகியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றோம். தண்டனை ஆனால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அவர்கள் மீது புகார் சொல்ல இந்த மனுவை எழுதவில்லை. அவர்கள் கையில் தெளிவான உத்தரவு எதுவும் இல்லை. அதைத்தான் தங்களிடம் கேட்கிறேன்.

அப்புறம் 2024 வந்தது. மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் தேதியை அறிவித்தார்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும் என்று வழக்கம்போல அறிவிப்பு வந்தது. அந்த வாரமே தங்கை கணவர் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கி வந்தார். ஒரு தகராறும் இல்லை. ஜூன் 4ஆம் தேதி வாக்கு எண்ணி முடித்து, துப்பாக்கி திரும்பி வரும் வரைக்கும், என் தங்கை அறைக் கதவுக்கு முன்னால் தையல் மிஷினை இழுத்து அடைக்காமல் தூங்கினாள். அவள் மனுவுக்குக் கிடைக்காத பாதுகாப்பு, தேர்தலால் தானாக வந்தது. தேர்தல் முடிந்ததும் தானாகவே போய்விட்டது. ஏப்ரல் 19 அன்று நாங்கள் ஓட்டுப் போடப் போனபோது, "அக்கா, எலெக்ஷன் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போனா நல்லா இருக்கும்" என்றாள். இந்த மனுவை எழுத உட்கார வைத்தது அந்த வார்த்தைதான்.

ஐயா, சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடமும் கேட்டுக்கொண்டேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, வன்முறைக் குற்றத்தில் சிறைத்தண்டனை பெற்றவர் தண்டனை முடிந்து ஐந்து ஆண்டு வரை துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது. அமைதி காப்பதாகப் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தவருக்கும் அந்தப் பத்திரக் காலம் முழுக்கத் தடை உண்டு. பக்கத்து வயல்காரரோடு வரப்புச் சண்டை போட்டு அப்படிப் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தால் துப்பாக்கி போய்விடும். மனைவியை அடித்து, அவளைத் தொடக் கூடாது என்று நீதித்துறை நடுவரே ஆணை போட்டால் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கும். பாதுகாப்பு ஆணை தண்டனை ஆகாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் பிணைப்பத்திரமும் தண்டனை இல்லையே. இனி நடக்கப் போவதைத் தடுக்கத்தானே இரண்டும்?

தண்டனை வரும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் சட்டத்தில் இல்லை. அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு, உரிமதாரர் ஏதாவது ஒரு காரணத்தால் தகுதியற்றவர் என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினாலோ, பொது அமைதிக்கும் பாதுகாப்புக்கும் தேவை என்று கருதினாலோ உரிமத்தை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம் என்கிறது. ஆக, அதிகாரம் ஏற்கெனவே மாவட்டத்தில் ஆட்சியரிடமும் மாநகரத்தில் காவல் ஆணையரிடமும் இருக்கிறது. அவர்களுக்குத் தகவல்தான் போய்ச் சேர்வதில்லை. 2005 சட்டத்தின் 24ஆவது பிரிவுப்படி ஆணையின் நகல் இரு தரப்புக்கும், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும், சேவை அமைப்புக்கும் இலவசமாகத் தரப்படுகிறது. துப்பாக்கி உரிமத்தைக் கையில் வைத்திருக்கும் அலுவலகத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் கதை அந்த இடத்தில்தான் அறுந்து போனது.

எனவே தாங்கள் அனுப்பும் சுற்றறிக்கையில், ஆணை நகல் கிடைத்த காவல் நிலையம் அன்றைக்கே எதிர்மனுதாரர் பெயரில் உரிமம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஆட்சியருக்கோ ஆணையருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டுகிறேன். தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு உரிமதாரருக்கும் தனி எண் இருக்கிறது. தேடுவது பெரிய வேலை இல்லை. தகவல் கிடைத்ததும் உரிமத்தை 17ஆவது பிரிவில் நிறுத்தி வைத்து, தேர்தல் நேரத்தில் செய்வதுபோலவே துப்பாக்கியையும் தோட்டாக்களையும் ஒப்படைக்க வைக்க வேண்டும். 2005 சட்டத்தின் 23ஆவது பிரிவின் இடைக்கால ஆணைக்கும் இது பொருந்த வேண்டும். மனைவி கோர்ட்டுக்குப் போய்விட்டாள் என்ற கோபம் சூடாக இருப்பது அந்த முதல் சில வாரங்களில்தான். எங்களுக்கு அது அனுபவம்.

இன்னொன்று, பாதுகாப்பு அலுவலர்கள் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதும்போதே "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்களாகச் சொல்லவும் தோன்றவில்லை. அடி, உதை, சாப்பாட்டுக்குப் பணம் தராதது என்று மற்றதையெல்லாம் சொன்னோம். அந்த 2005 சட்டத்துக்கான 2006 விதிகளின் 10ஆவது விதிப்படி, நடுவர் எழுத்து மூலம் பணித்தால், வன்முறையில் சம்பந்தப்பட்ட ஆயுதத்தைக் காவல்துறை உதவியோடு பாதுகாப்பு அலுவலர் பறிமுதல் செய்யலாம். கேட்டிருந்தால் அன்றைக்கே நடுவரிடம் அதையும் வேண்டியிருப்போம். இதற்காகச் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலாளருக்கும் நகல் அனுப்பியுள்ளேன். உரிமம் புதுப்பிக்கும்போது வரும் காவல்துறை விசாரணையிலும் மனைவியிடம் தனியாக, பெண் காவலர் ஒருவர் பேச வேண்டும். கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் எந்தப் பெண் சொல்வாள்?

பொய்ப் புகாரால் ஒருவரின் துப்பாக்கி போய்விடாதா என்று கேட்பார்கள். போகாது. துப்பாக்கி பத்திரமாகக் காவல் நிலையத்தில் இருக்கும், கையில் ரசீது இருக்கும், ஆயுதச் சட்டத்தின் 18ஆவது பிரிவில் மேல்முறையீடு உண்டு, ஆணை நீங்கினால் திரும்பி வந்துவிடும். தேர்தலுக்கு ஒப்படைப்பவர்களும் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள்தான். துப்பாக்கியை வைத்தே சம்பாதிக்கும் வங்கிக் காவலாளி போன்றவர்களுக்கு இதில் கஷ்டம் உண்டு. தேர்தலின்போது அவர்களுக்கு விலக்குத் தருவது சரி. ஆனால் மனைவிக்குப் பாதுகாப்பு ஆணை இருக்கும்போது, வேலை முடிந்து துப்பாக்கி வீட்டுக்கு வரக் கூடாது என்றாவது நிபந்தனை போட வேண்டும்.

துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமை என்று அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. அங்கேகூடப் பாதுகாப்பு ஆணைக்கு உள்ளானவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று 1994இல் சட்டம் கொண்டுவந்தார்கள். மனைவியை அடித்துச் சிறு குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கும் 1996இல் தடை வந்தது. அந்த 1994 சட்டம் செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில், ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் ஒத்த கருத்தோடு தீர்ப்பளித்தது. நம் அரசியல் சாசனத்தில் அப்படி ஓர் உரிமையே இல்லை. இங்கே துப்பாக்கி என்பது அரசு நம்பிக் கொடுக்கும் அனுமதி மட்டும்தான்.

என் தங்கையின் பாதுகாப்பு ஆணை இன்றும் நடப்பில் உள்ளது. அவள் கணவரின் உரிமம் அடுத்த ஆண்டு புதுப்பிக்க வருகிறது. ஆணையின் நகலும், குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுவின் ரசீது நகலும் இத்துடன் உள்ளன. சுற்றறிக்கை தயாராகும் வரை, எங்கள் மாவட்ட உரிம அதிகாரிக்கு இந்த ஒரு வழக்கையாவது அனுப்பி, 17ஆவது பிரிவின்படி பரிசீலிக்கச் சொல்லுமாறும், எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்தில் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

நகல்: அரசுச் செயலாளர், சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை, தலைமைச் செயலகம், சென்னை - 600 009.